டிரைவர் சீட் ஆடுகிறது, பின்பக்க போல்ட் ஒன்று இறுகவே மாட்டேன் என்கிறது. வீட்டில் வைத்துச் சரிசெய்யலாமா?

நாலுசக்கரம்:

வண்டி 2013 பெட்ரோல் ஹாட்ச்பேக். சீட்டில் ஏர்பேக் இல்லை, மோட்டார் இல்லை. அடியில் பெல்ட் எச்சரிக்கை விளக்குக்கான ஒரு ஒயர் மட்டும் போகிறது.

பிரேக் பிடித்தால் சீட்டுக்கு அடியில் ஒரு "டொக்". கிளட்ச் விட்டு எடுக்கும்போது இன்னொரு "டொக்". சீட்டின் முதுகைப் பிடித்து ஆட்டினால் பின்பக்கம் ஏறக்குறைய அரை செ.மீ. எழும்புகிறது. ஆறு வாரத்துக்கு முன் ஒரு வாஷ் கடையில் கார்பெட் துவைப்பதற்காக முன் சீட்டுகளைக் கழற்றி மாட்டினார்கள். அதற்கு முன் இந்தச் சத்தம் கிடையாது.

நான் பார்த்தவரை: முன் போல்ட் இரண்டும் கெட்டியாக இருக்கின்றன. பின்னால் கதவுப் பக்கம் இருப்பது அரைச் சுற்று போய் நின்றுவிட்டது. பின்னால் ஹேண்ட்பிரேக் பக்கம் இருப்பது சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. மூன்று போல்ட்டுக்கு 14 சாக்கெட், அதற்கு மட்டும் 17 போட வேண்டியிருந்தது.

கையில் இருப்பது 24 வரை சாக்கெட் செட், ரிங் ஸ்பேனர்கள், ஒரு டிரில் மெஷின். டார்க் ரெஞ்ச் இல்லை. வாஷர் போட்டு இறுக்கினால் போதுமா, அல்லது மரைக்கு ஏதாவது பசை ஊற்றலாமா?

ரிங்ஸ்பேனர்:

வாஷரும் வேண்டாம், பசையும் வேண்டாம். வியாதி என்னவென்று கேள்வியின் கடைசி வரிக்கு முன்னால் நீங்களே எழுதிவிட்டீர்கள்: அந்த 17.

ஜப்பானிய, கொரிய வழி வந்த வண்டிகளில் எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட்டின் தலை 14 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ. ஹார்டுவேர் கடையில் "எம்10 போல்ட் கொடுங்க" என்றால் கைக்கு வருவது 17 தலை, 1.5 இடைவெளி. வாஷ் கடையில் ஒரிஜினல் போல்ட்டைத் தொலைத்துவிட்டு இதைப் போட்டிருக்கிறார்கள். 1.5 போல்ட், தரைக்கு அடியில் வெல்டு வைத்திருக்கும் 1.25 நட்டுக்குள் ஓரிரு சுற்று கையாலேயே போகும், பிறகு பிடித்துக்கொள்ளும். அங்கே நிறுத்தியிருந்தால் நட் பிழைத்திருக்கும். இம்பாக்ட் கன்னை (அடித்து அடித்து இறுக்கும் மெஷின்) வைத்தால் போல்ட் தனக்கு வழி வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கும், நட்டின் மரை சுருள் சுருளாக உரிந்து வரும். தலை உட்கார்ந்துவிடும், பார்ப்பவருக்கு டைட்டாகத்தான் தெரியும்.

இனி அதைத் திருகாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் மிச்சமிருக்கிற மரையைத்தான் தின்கிறது. இதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கவும் வேண்டாம். உங்கள் வண்டி மாதிரி பெரும்பாலான கார்களில் பெல்ட் மாட்டும் பக்கிள் சீட் சட்டத்தின் உள்பக்கத்தில்தான் கோத்திருக்கும். அதாவது ஹேண்ட்பிரேக் பக்கம். மோதும்போது சீட்டின் எடையோடு உங்கள் எடையில் பெரும்பகுதியும் அந்த உள்பக்கப் பின் போல்ட் வழியாகத்தான் தரைக்கு இறங்கும். சீட் பிடிப்பின் வலுவுக்கான ஐ.நா. 17-ஆம் விதி கேட்பது 20 ஜி, அதாவது எடையின் 20 மடங்கு. 18 கிலோ சீட் என்றால் சீட்டுக்கு மட்டுமே 360 கிலோ விசை. நாலில் ஒரு போல்ட் போனால் கால்வாசி பலம்தான் போகும் என்று நினைக்கக் கூடாது, இது போனால் முக்கியமானதே போனது.

இன்னொன்று. அரை செ.மீ. எழும்புகிறது என்கிறீர்கள், எது எழும்புகிறது? ஒருவரை சீட்டை ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் குப்புறப் படுத்து, ரெயிலின் (சீட் முன்பின் நகரும் தடம்) போல்ட் போட்ட கால் தரையில் உட்காரும் இடுக்கில் விரல் நுனியை வையுங்கள். அங்கே அசைந்தால் போல்ட் அல்லது நட். கால் அசையாமல் மேல் ரெயில் மட்டும் கீழ் ரெயிலுக்குள் ஆடினால் ரெயிலின் உருளைகள் தேய்ந்திருக்கின்றன. இரண்டும் அசையாமல் முதுகு மட்டும் ஆடினால் ரிக்ளைனர், அதாவது முதுகைச் சாய்க்கும் கருவி. காலோடு சேர்ந்து தரைத் தகடே மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கினால் கதை வேறு.

தரைத்தகடு:

அந்த வேறு கதையை நான் சொல்கிறேன். ரெயில் கால் உட்கார்வது தரையின் குறுக்கே போகும் பெட்டி மாதிரியான கிராஸ் மெம்பர் மேல். அது தரைத் தகட்டோடு ஸ்பாட் வெல்டில், அதாவது புள்ளி புள்ளியாக வைத்த வெல்டில் நிற்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தண்ணியில நின்ற வண்டிகள், கடலோர வண்டிகள், கார்பெட்டுக்கு அடியில ஈரம் காயாத வண்டிகள் இதிலெல்லாம் ஸ்பாட் வெல்டைச் சுற்றித் துரு ஏறி, மயிரிழை மாதிரி விரிசல் விடும். கார்பெட்டைத் தூக்கி, டார்ச்சைத் தகட்டோடு படுக்க வைத்துச் சாய்வா அடிச்சுப் பாருங்க. நேராக அடிச்சா விரிசல் தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால குத்தினா "டங்"குன்னு கேட்கணும். "பொத்து"ன்னு இறங்கினா வேலையை அங்கேயே நிறுத்திட்டு டிங்கரிங் பட்டறைக்குப் போங்க. அதுக்கு வீட்டு வைத்தியம் இல்லை.

சுத்துற போல்ட்டை எடுக்கிற முறை: மத்த மூணையும் முதல்ல கழட்டிடுங்க. பிறகு போல்ட் தலைக்கு அடியில தட்டையான ஸ்க்ரூ டிரைவரையோ குட்டிக் கடப்பாரையையோ கொடுத்து மேல நெம்பிக்கிட்டே இடப்பக்கமா சுத்தணும். மேல் இழுப்பு இருந்தாத்தான் மிச்ச மரை கவ்வும். மெல்ல மெல்ல ஏறி வந்தா மரைதான் போயிருக்கு. எவ்வளவு நெம்பியும் அரை மி.மீ.கூட ஏறலை, அடியில் ஏதோ கூடவே சுத்துற சத்தம் கேட்குதுன்னா, நட்டோட வெல்டு விட்டுப்போச்சு. நட் பெட்டிக்கு உள்ளே இருக்கும், கீழே இருந்து ஸ்பேனர் போகாது. போல்ட் தலையை வெட்டி, பெட்டியைத் திறந்து, புது நட் வெல்டு வைக்கணும். அதுவும் பட்டறை வேலைதான்.

சீட்டை வெளியே எடுக்கும்போது ஹெட்ரெஸ்ட்டைக் கழட்டிட்டு, கதவுப் படியில பழைய போர்வையை மடிச்சுப் போடுங்க. ரெயில் முனை கத்தி மாதிரி இருக்கும், பெயின்ட்டை உரிச்சிடும்.

நாலுசக்கரம்:

கழற்றிவிட்டேன். நெம்பிச் சுற்றியதும் ஏறி வந்துவிட்டது, ஆக நட் அசையவில்லை. போல்ட்டின் மரைப் பள்ளங்களில் பளபளவென்று இரும்புச் சுருள் சுற்றியிருக்கிறது. தலையில் 4.6 என்று பலத்தின் தரக் குறி பொறித்திருக்கிறது. மற்ற மூன்றிலும் 8.8.

இன்னொன்றும் கிடைத்தது. பின் இரண்டு கால்களுக்கும் அடியில் கார்பெட்டின் கம்பளி மடிந்து சிக்கியிருந்தது, நசுங்கியே 3 மி.மீ. தடிமன். தகட்டில் துரு இல்லை, சாய்வாக டார்ச் அடித்தும் விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. எம்10×1.25 டேப் (மரை வெட்டும் கருவி) வாங்கி விட்டுப் பார்த்தேன். முதல் நாலு சுற்று சும்மா போகிறது, பிறகு ஏறக்குறைய மூன்று சுற்று கவ்வுகிறது. 5 மி.மீ. நீளமான 8.8 போல்ட் போட்டால் அந்த மூன்று மரையில் நிற்காதா?

லேத்துக்காரன்:

நிற்கும், இறுக்கும்போது இறுகிய மாதிரியும் இருக்கும். மூன்று மரை என்றால் 3.75 மி.மீ. பிடிப்பு. எஃகு நட்டில் போல்ட்டின் முழு பலமும் கிடைக்க, போல்ட்டின் விட்டத்தில் 80 சதவீதமாவது மரை கவ்வ வேண்டும். எம்10-க்கு 8 மி.மீ., ஆறரை மரை. மூன்று மரையில் போல்ட் அறுந்துபோவதற்கு முன்னால் நட் மரை உரிந்துவிடும், அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல்.

இங்கே சரியான வேலை ஹெலிகாயில். கம்பிச் சுருள் வடிவ மரை. பெரிதாகத் துளைத்து, பெரிய மரை வெட்டி, அதற்குள் சுருளைத் திருகினால் உள்ளே மறுபடி எம்10×1.25 கிடைக்கும். கிட் வாங்கும்போது டப்பாவில் 1.25 என்று இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது 1.5 கிட், அதை வாங்கினால் வந்த இடத்துக்கே திரும்பி வருவீர்கள். சுருளின் நீளம் 10 மி.மீ., அதாவது விட்டம் அளவு.

துளையிடும் பிட் 10.3 அல்லது 10.4 மி.மீ., எது என்று கிட்டிலேயே போட்டிருக்கும். பிட்டில் நுனியிலிருந்து 20 மி.மீ.-ல் அடையாளத்துக்கு ஒட்டு நாடா சுற்றிவிடுங்கள், அதற்கு மேல் இறங்கக் கூடாது. வண்டியை உயர்த்தி, அந்த இடத்துக்கு நேர் கீழே பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் போகிறதா என்று பார்க்காமல் பிட்டை வைக்காதீர்கள். பல வண்டிகளில் இந்தக் குழாய்கள் முன் சீட்டுக்கு அடியில்தான் ஓடுகின்றன.

டிரில்லைக் குறைந்த வேகத்தில், நேராக. பிறகு கிட்டில் வரும் மரை வெட்டும் டேப், எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இந்த டேப்பைக் கோணலாக ஆரம்பித்தால் போல்ட்டும் கோணலாகத்தான் நிற்கும், ரெயில் துளையோடு சேராது. ஒரு சதுரமான மரக்கட்டையில் நேராகத் துளை போட்டு அதை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

சுருளைத் திருகும்போது மேல் முனை தகட்டுக்கு அரைச் சுற்று கீழே போய் நிற்க வேண்டும். மேலே துருத்தினால் ரெயில் கால் அதன்மேல் உட்கார்ந்துவிடும். அடியில் குறுக்கே ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதைப் பஞ்ச் வைத்துத் தட்டி உடைக்க வேண்டும், இல்லையென்றால் போல்ட் அங்கே முட்டி நிற்கும். உடைந்த துண்டு பெட்டிக்குள் விழுந்தால் ஜென்மத்துக்கும் கிலுகிலுக்கும். ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத்தை நம்ப முடியாது, பஞ்ச் நுனியில் கெட்டி கிரீஸ் அப்பிக்கொண்டு தட்டுங்கள், பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வரும்.

மரைக்கு எபாக்ஸி, டெஃப்லான் டேப், செம்புக் கம்பி சுற்றுவது எல்லாம் குழாய் வேலைக்கு. ரிவெட் நட்டும் இங்கே கூடாது. ஸ்டெயின்லெஸ் போல்ட் துருப்பிடிக்காதே என்று சிலர் கேட்பார்கள்: ஏ2-70 வகையின் வளையும் எல்லை 450 மெகா பாஸ்கல், 8.8-க்கு 640. பலம் குறைவு, அதுவும் வேண்டாம்.

தரைத்தகடு:

ஹெலிகாயில் நல்லதுதான், மறுக்கலை. ஆனா டிரில் பண்றப்ப நட்டையும் கவனிங்க. பக்கச் சுவரில் கீறல் தெரிஞ்சாலோ, பிட் அழுத்தத்துல நட் லேசா அசைஞ்சாலோ அதுக்கு மேல ஹெலிகாயில் வீண். வெல்டு நட்டை மாத்துறதுதான் வழி.

கீழே இருந்து 50×75-ல 3 மி.மீ. பிளேட் வைச்சு நீள போல்ட்டைத் துளைச்சு இறக்கிடலாம்னு யாராவது யோசனை சொல்வாங்க. பெட்டி வடிவத்துக்குக் குறுக்கே போல்ட்டை இறுக்கினா பெட்டி நசுங்கும், நசுங்க நசுங்க போல்ட் தளரும். உள்ளே குழாய் மாதிரி ஸ்பேசர் வைச்சாத்தான் அது நிக்கும். அதை வைக்கப் பெட்டியைத் திறக்கணும், திறந்த பிறகு நட்டையே வைச்சிடலாமே.

ரிங்ஸ்பேனர்:

கம்பளியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆட்டத்துக்குப் பாதிக் காரணம் அதுதான், கதவுப் பக்கப் போல்ட் அரைச் சுற்று போனதற்கு முழுக் காரணமும் அதுவே. போல்ட் பிடித்து நிற்பது மரையால் மட்டும் அல்ல, இறுக்கும்போது அது ஒரு இழை அளவு நீள்கிறது, அந்த இழுவிசைதான் இரண்டு இரும்பையும் ஒட்ட வைக்கிறது. நடுவில் கம்பளி இருந்தால் நாளாக ஆக அது நசுங்கும், கால் மி.மீ. நசுங்கினாலே இழுவிசை போய்விடும். அதனால் இரும்பு இரும்பின் மேல் உட்கார வேண்டும். கார்பெட்டில் காலுக்கென்று கம்பெனி வெட்டிய துளை இருக்கும், துவைத்து விரித்தபோது அது தள்ளிப் போயிருக்கிறது. இழுத்து இடத்தில் சேருங்கள். சேரவில்லை என்றால் காலைச் சுற்றி 5 மி.மீ. விட்டு கட்டரால் வெட்டிவிடுங்கள்.

நாலு போல்ட்டையும் புதிதாகவே வாங்கிவிடுவது நல்லது. கம்பெனி ஸ்பேர் கவுண்டரில் சீட் போல்ட் என்று தனியாகக் கொடுப்பார்கள். கிடைக்கவில்லை என்றால் புதுப்பேட்டையில் (சென்னையின் பழைய வண்டி உதிரிபாகச் சந்தை) அதே மாடல் வண்டியிலிருந்து எடுத்தது போதும், மரை நசுங்காமல் இருக்க வேண்டும். சரியானதா என்று பார்க்க அளவுகோல் தேவையில்லை: உங்கள் 14 தலை போல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரையோடு மரை கோத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இடுக்கில் வெளிச்சம் வந்தால் இடைவெளி வேறு.

மாட்டும் வரிசை முக்கியம். மரைகளை பிரேக் கிளீனரால் துடையுங்கள், எண்ணெய் கூடாது. எண்ணெய் இருந்தால் அதே முறுக்குக்கு இழுவிசை கூடிப்போகும். நீல நிற, நடுத்தர வகை திரெட்லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் திரவம்) ஒரு சொட்டு. நாலு போல்ட்டையும் கையாலேயே ஐந்தாறு சுற்று ஏற்றுங்கள், ஸ்பேனர் இல்லாமல். கையால் ஏறாத போல்ட்டை ஸ்பேனர் ஏற்றக் கூடாது. பிறகு சீட்டை முன்னும் பின்னுமாக முழு தூரத்துக்கும் இரண்டு தடவை ஓட்டுங்கள், இரண்டு ரெயிலும் ஒன்றுக்கொன்று இணையாக வந்து நிற்கும். இதைச் செய்யாமல் இறுக்கினால் சீட் பாதி வழியில் முட்டும். சீட்டைப் பின்னால் தள்ளி முன் இரண்டையும், முன்னால் தள்ளி பின் இரண்டையும் இறுக்குங்கள்.

எவ்வளவு முறுக்கு? உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும் எண்தான் சரி. பொதுவாக இந்த வகை எம்10 சீட் போல்ட் 35-லிருந்து 50 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். எம்8, அதாவது 12 தலை, இருந்தால் 20-லிருந்து 25. டார்க் ரெஞ்ச் இல்லை என்றீர்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு இருக்கிறதா? ராட்செட் கைப்பிடியில் போல்ட்டின் நடுவிலிருந்து 25 செ.மீ. அளந்து கோடு போட்டு, அந்த இடத்தில் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். 18 கிலோ காட்டும்போது 44 நியூட்டன் மீட்டர். எம்8-க்கு அதே இடத்தில் 10 கிலோ இழுத்தால் 24.5. கோணம் சாய்ந்தால் கணக்கு தப்பும். சட்டென்று இழுக்காமல், மெல்ல ஏற்றி, எண் வந்ததும் நிறுத்துங்கள்.

கறுப்புஒயர்:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்டவர் வண்டியில் சீட் ஏர்பேக் இல்லை. சீட் முதுகின் ஓரத்தில் ஏர்பேக் முத்திரை தைத்திருந்தாலோ, சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தாலோ மேலே சொன்னதை அப்படியே செய்யாதீர்கள். சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகுதான் அந்தக் கனெக்டரைத் தொட வேண்டும். கையேடு இல்லை என்றால் பத்து நிமிடம். அந்த ஒயரில் மல்டிமீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைக்கவே கூடாது. சீட் வெளியே இருக்கும்போது "ஒயர் சரியா இருக்கா பார்க்கலாம்" என்று சாவியைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரியும். பல வண்டிகளில் கனெக்டரைத் திரும்ப மாட்டினாலும் அணையாது, ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும்.

பக்கிளில் பிரிடென்ஷனர் (மோதும்போது வெடித்து பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவி) இருக்கும் வண்டிக்கும் இதே விதி.

நாலுசக்கரம்:

முடிந்தது. ஹெலிகாயில் நன்றாக உட்கார்ந்தது, நாக்குத் துண்டு கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. கார்பெட்டை வெட்ட வேண்டியிருக்கவில்லை, இரண்டு விரல் அளவு இழுத்ததும் துளை இடத்துக்கு வந்துவிட்டது. நாலு புது போல்ட், கையேட்டில் 45 போட்டிருந்தது, தராசில் 18.4 கிலோ. இப்போது கால்கள் அசையவில்லை, விரல் வைத்துப் பார்த்தாயிற்று.

ஆனால் பிரேக் பிடிக்கும்போது பழைய "டொக்" போய், அதைவிடச் சின்னதாக ஒரு "டிக்" இருக்கிறது. சீட் இடது ஓரம் மட்டும் முன்னால் போவதுபோல் ஒரு உணர்வு.

ரிங்ஸ்பேனர்:

ஒரு பக்க ரெயில் லாக் ஆகவில்லை. முன் லீவரைத் தூக்கினால் இரண்டு ரெயிலிலும் கொக்கி விடுபடும், விட்டால் இரண்டிலும் பல் துளைக்குள் இறங்க வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: ஒரு பக்கம் பல் முழுதாக இறங்கி, மறுபக்கம் துளையின் விளிம்பில் ஏறி நிற்கும். மூன்று காரணம். ரெயிலுக்குள் குப்பை: கல், நாணயம், கடலைத்தோல். அல்லது இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி சீட்டைத் தூக்கும்போது வளைந்திருக்கும். சீட்டை அந்தக் கம்பியைப் பிடித்துத் தூக்கியிருந்தால் அதுதான். அல்லது ஒரு ரெயில் மற்றதைவிட ஒரு பல் முன்னால் இருக்கும்போது போல்ட் இறுக்கப்பட்டிருக்கும்.

கடைசியானதை முதலில் பாருங்கள், அதுதான் சுலபம். இரண்டு பக்கமும் மேல் ரெயில் முனைக்கும் கீழ் ரெயில் முனைக்கும் உள்ள தூரத்தை அளந்தால் ஒரே எண் வர வேண்டும். இல்லையென்றால் போல்ட்டைக் கழற்றி, லீவரைத் தூக்கி, ரெயிலைச் சமமாக்கி, மறுபடி இறுக்க வேண்டும். போல்ட்டை எடுத்தால் திரெட்லாக்கரைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள்.

ரெயிலைச் சுத்தம் செய்ததும் வெள்ளை லித்தியம் கிரீஸ், கெட்டியாக அப்பாமல் மெல்லிய பூச்சு. சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் வேண்டாம், மண்ணைப் பிடித்து ஆறு மாதத்தில் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். லாக் ஆன பிறகும் ஒரு மி.மீ. அளவுக்கு முன்பின் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அதைத் துரத்தாதீர்கள்.

போல்ட் தலையிலிருந்து ரெயில் காலுக்கு நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும், சும்மா சும்மா ஸ்பேனர் போட வேண்டாம்.

நாலுசக்கரம்:

இடது 62 மி.மீ., வலது 47. ஒரு பல் தள்ளித்தான் இருந்தது. சமமாக்கி இறுக்கியதும் "டிக்" போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

தரைத்தகடு:

பக்கத்து சீட்டையும் அதே ஆள்தானே மாட்டினார்? அதையும் ஒரு தடவை பாருங்க.

நாலுசக்கரம்:

பார்த்தேன். அங்கேயும் ஒரு 17. இன்னும் ஒரு ஹெலிகாயில் சுருள் மிச்சம் இருக்கிறது.